ஜாம், சியூஇடி முதுகலை: இரண்டு கணக்குத் தாளுக்கும் சேர்த்துப் படிக்க வழி?

வணக்கம். காரைக்குடியில் பி.எஸ்சி. கணிதம் இறுதியாண்டு. எம்.எஸ்சி. சேர இரண்டு நுழைவுத் தேர்வு எழுதுகிறேன்: ஐஐடி போன்றவற்றுக்கான ஜாம் பிப்ரவரியில், மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றுக்கான சியூஇடி மார்ச்சில். இரண்டுக்கும் ஒரே படிப்பு போதும் என்று ஜூலையில் தொடங்கினேன், இப்போது இரண்டிலும் நிற்கிறேன்.

ஜாம் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 10 கேள்விக்குச் சரியான விடை ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். அங்கேதான் அடி. நேற்று ஒரு குலக் கோட்பாட்டுக் (group theory) கேள்வியில் மூன்று விடை சரி, நான் இரண்டைக் குறித்தேன். பாதி மதிப்பெண்கூட கிடையாது, பூஜ்யம். சியூஇடி வேறு ரகம்: 90 நிமிடத்தில் 75 கேள்வி, தப்புக்கு ஒன்று கழியும். கேள்வி எளிது, கை ஓடவில்லை. 50 கேள்வியைத் தாண்டியதே இல்லை.

செய்து பார்த்தவை: ஐந்து வருடப் பழைய ஜாம் தாள்கள், வளவில் கடிகாரம் வைத்து. கடைசி மூன்றில் 27, 31, 29. தேவகோட்டை நண்பனோடு தினம் ஒரு தாள். அப்புறம் ஒரு இணைய வகுப்பு, பாதியில் விட்டேன். "ரெண்டும் கணக்குத்தானப்பா" என்கிறார் ஆச்சி!

ஜாமில் இல்லாத கலப்பெண் பகுப்பாய்வும் நேரியல் திட்டமிடலும் சியூஇடியில் உண்டு. இரண்டையும் இன்னும் தொடவில்லை.

இரண்டும் எழுதியவர்கள் சொல்லுங்கள்: அந்த இரண்டு பாடத்தையும் இப்போதே தொடங்கவா, ஜாம் முடிந்தபின் ஒரு மாதத்தில் பிடித்துவிடலாமா?