புதுப்பிப்பு: 'மரத்துப்போன' கேள்வி

மன அதிர்ச்சியை அளக்கும் பிசிஎல் வினாக்கொத்தின் பழைய 17 கேள்வி வடிவம் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அம்பாறையில் தமிழிலும் சிங்களத்திலும் நிரப்பிய புள்ளிகளை நேரே ஒப்பிடலாமா என்பதுதான் என் கேள்வி.

விடை மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் கிடைத்தது. 'உணர்ச்சி மரத்துப்போய்விட்டதா' என்று வாசித்ததும் ஆச்சி செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். "ஓம் மகள், ரெண்டு காலும் விறைக்குது. சீனி வருத்தம்." 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். நான் 5 (மிக அதிகம்) என்று வட்டமிட்டிருந்தால் அது அவருடைய நரம்பின் கணக்கு, துக்கத்தின் கணக்கல்ல.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத் தமிழ்க் கேள்வியைத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தபோது, 'மரத்துப்போன' என்ற சொல் மூல ஆங்கிலச் சொல்லாகவே அச்சொட்டாக வந்திருந்தது. அதனால்தான் பிழை எங்கள் கண்ணில் படவில்லை.

2013இல் வந்த 20 கேள்வி வடிவத்தில் அந்தச் சொல் இல்லை; மகிழ்ச்சியையோ நெருங்கியவர்மேல் அன்பையோ உணரச் சிரமமா என்று கேட்கிறது. இனி அதுதான். ஆனால் அதிலும் வேலை இருக்கிறது: ஒரே அளவு வேதனை உள்ள இருவர் மொழி எதுவானாலும் ஒரு கேள்விக்கு ஒரே மாதிரிப் புள்ளி போடுகிறார்களா என்று கேள்வி கேள்வியாகச் சோதிக்க வேண்டும். அது தேறாமல் இரண்டு மொழிகளின் சராசரியை ஒப்பிட நான் சம்மதிக்க மாட்டேன்.

அப்புறம், ஆச்சியிடம் மறுபடி போனேன். இந்த முறை மகனைப் பற்றிப் பேசினார். தாளை மடித்து வைத்துவிட்டேன்.