கயிறு இழுத்தே தோள்பட்டை போனது: ஜெனரேட்டர் அனுபவம்

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 விடிந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் தென்னையோடு சேர்ந்து கரண்டு கம்பங்களும் படுத்துக் கிடந்தன. "நம்மகிட்டதான் ஜெனரேட்டர் இருக்கே" என்று அப்பாவிடம் தெம்பாகச் சொன்னேன். இரண்டு கேவிஏ, பெட்ரோலில் ஓடுவது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கியதை, டேங்கில் பாதி பெட்ரோலோடு மாட்டுக்கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தோம்.

அந்தப் பாதி பெட்ரோல்தான் வினை. சோக்கைப் போட்டு இழுத்தேன், எடுத்துவிட்டு இழுத்தேன், ப்ளக்கைத் துடைத்து மாட்டி இழுத்தேன். உறுமக்கூட இல்லை. மூன்றாம் நாள்தான் மெக்கானிக் வந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால், பழைய பெட்ரோல் இறுகி வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக ஒரு பிசின். பெட்ரோல் போகும் ஜெட்டின் ஊசிமுனை அளவு ஓட்டை அடைத்துக் கிடந்தது. வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவிக் குத்தியவர், ஜெட்டை என் கண்ணருகே பிடித்து, "இப்ப வானம் தெரியுதா தம்பி?" என்றார். தெரிந்தது. இரண்டாவது இழுப்பிலேயே ஓடிவிட்டது.

அன்றிலிருந்து வேலை முடிந்தால் சுவிட்சை அணைப்பதில்லை. டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுகிறேன். கார்புரேட்டரில் சொட்டு மிஞ்சாது. மாதம் ஒருமுறை அயர்ன் பாக்ஸை மாட்டி 20 நிமிடம் ஓட்டுவேன். சும்மா ஓட்டினால் ப்ளக்கில் கரிதான் சேரும். ஆயிலை முதல் 20 மணி நேரத்தில் மாற்றச் சொல்லி கையேட்டிலேயே இருந்தது, யார் படித்தார்கள்? இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இன்ஜின் சூடு ஆறுமுன் வடித்துவிடுகிறேன்.

பதில்: அண்ணா, என் கதை வேறு. 2023 மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கரண்டு இல்லை. வாசல் சரிவில் வைத்து ஓட்டினேன், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியதெல்லாம் வீண். ஆயில் குறைந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் உள்ளே இருக்கிறதாம். சாய்வாக வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, குறைந்ததாக நினைத்துக்கொள்கிறது. சமதரையில் வைத்ததும் சரியாகிவிட்டது. மழைக்குப் பயந்து படிக்கட்டுக்குக் கீழே தள்ளப் போனேன், கீழ்வீட்டு அக்கா சத்தம் போட்டுத் தடுத்தார். நல்லவேளை, ஜெனரேட்டர் புகை வீட்டுக்குள் புகுந்தால் ஆளையே கொன்றுவிடும்.

பதில்: சாய்வு விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. எங்கள் கொட்டகைத் தரையும் கோமியம் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டதுதான். போன மாதம் இரண்டு தடவை பாதியில் நின்றது, பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கு வெளியே இழுத்து வைத்துப் பார்க்கிறேன்.