வெள்ளை பெல்ட்டிலிருந்து மஞ்சளுக்கு: உங்கள் முதல் கிரேடிங் அனுபவம்

பாயான் பாருக்காரன்:
நாற்பதை நெருங்கும் வயதில் தேக்குவாண்டோவில் சேர்ந்தவன் நான். பினாங்கில் எங்கள் தாமான் பலாய் ராயாவில்தான் (குடியிருப்பின் பொது மண்டபம்) வகுப்பு, வெள்ளை பெல்ட் வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். முதல் கிரேடிங், அதாவது அடுத்த பெல்ட்டுக்கான டெஸ்ட் என்றாலே எல்லாரும் உதையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். உதை எப்படியோ வந்துவிடும், ஆளைக் கவிழ்ப்பது பூம்சேதான், எதிராளி இல்லாமல் தனியாக வரிசை மாறாமல் செய்து காட்டும் அசைவுகள்.

எங்கள் வகுப்பில் முதல் பூம்சே தேகுக் இல் ஜாங். மொத்தம் 18 அசைவு. தடுப்பு, குத்து, இரண்டே இரண்டு முன் உதை, கடைசிக் குத்தில் ஒரு கிஹாப் (உரத்த கத்தல்), அவ்வளவுதான். ஆனால் ஒரே மண்டபத்தில் ஒரே பக்கம் பார்த்தே பழகினால் நம்மை அறியாமல் சுவரை நம்பித் திரும்ப ஆரம்பித்துவிடுகிறோம், கொடியைப் பார்த்துத் தொடங்கு, மின்விசிறி சுவிட்ச் பக்கம் திரும்பு என்கிற மாதிரி. டெஸ்டுக்கு முந்தைய வாரம் மாஸ்டர் எதுவும் சொல்லாமல் எல்லாரையும் கதவுப் பக்கம் திருப்பி நிறுத்தி "ஜூன்பி, சிஜாக்" (தயார், தொடங்கு) என்றார். பாதி வரிசை இடது பக்கம், பாதி வரிசை வலது பக்கம்! என் பக்கத்தில் நின்ற சீனப் பையன் உதட்டை அசைக்காமல் "அங்கிள், கிரி, கிரி" என்று மலாயில் இடது பக்கம் வழி சொன்னான்.

அப்புறம் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கார் நிறுத்துமிடத்தில் நான்கு திசையும் பார்த்துச் செய்வேன். மேல்மாடி மக்சிக் (மலாய் அம்மா) முதலில் பயந்தார், பிறகு பேரனைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டினார். நல்லதுதான், ஆள் பார்க்கும்போது செய்யவும் பழக வேண்டுமே.

இன்னொன்று, கால். முதல் நான்கு அசைவும் ஆப் சொகி, சாதாரணமாக நடக்கும் அளவுக்கு அடி வைத்தால் போதும். ஐந்தாவதில் முன்னால் திரும்பும்போது ஆப் குபி, முன் முட்டியை மடக்கி நீளமாக நிற்க வேண்டும். பதற்றத்தில் இரண்டும் ஒரே அளவாகிவிடும். தேர்வாளர் கையைவிடக் காலைத்தான் கவனிக்கிறார் என்பது என் கணிப்பு.

டெஸ்ட் அன்று காத்திருப்புதான் பெரிது, நம் முறை வந்தால் சட்டென்று முடிந்துவிடும். காலையில் நாசி லெமாக்கை ஒரு கை பார்த்துவிட்டுப் போகாதீர்கள், வாழைப்பழம் போதும். கொரிய மொழியில் ஹானா, தூல், செத் என்று பத்து வரை எண்ணச் சொன்னார்கள். இல் ஜாங் எதைக் குறிக்கிறது என்று கேட்டார்கள், வானம் என்றேன், தேர்வாளர் தலையாட்டினார். பெல்ட்டின் இரு முனையும் சமமாகத் தொங்கவில்லை என்று ஒரு சின்னப் பெண்ணைத் திரும்பக் கட்டிவரச் சொன்னார், ஆகவே முடிச்சையும் வீட்டிலேயே பழகுங்கள்.

செந்தூல் அம்மா:
அண்ணா, என் மகள் கோலாலம்பூரில் போவது ஐடிஎஃப் (சர்வதேச தேக்குவாண்டோ கூட்டமைப்பு) வகுப்பு. அங்கே தேகுக் கிடையாது. முதலில் சாஜு ஜிருகி, நான்கு திசையிலும் குத்துவது, அப்புறம்தான் உங்கள் பூம்சே மாதிரி 19 அசைவுள்ள சோன்ஜி. 1966-இல் ஐடிஎஃப்பைத் தொடங்கிய ஜெனரல் சோய் ஹோங் ஹி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நம் நாட்டில்தான் கொரியத் தூதராக இருந்தார். அவர் வழி வேறு, உங்கள் வழி வேறு. இது தெரியாமல் யூடியூப்பைப் பார்த்துப் பழகிவிட்டு வகுப்பில் வந்து முழிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எது என்று மாஸ்டரிடம் கேட்டுவிட்டு வீடியோ தேடுங்கள்.

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. உடம்பில் நகை எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். மகள் கையில் கோயிலில் கட்டிய கயிறு, அறுக்கவே கூடாது என்று பாட்டி ஒரே பிடி. மாஸ்டரிடம் கேட்டேன், அறுக்க வேண்டாம், மேலே பிளாஸ்டர் சுற்றிவிடுங்கள் என்றார். தோட்டை மட்டும் கழற்றினோம். அதைத் தொலைக்காமல் பர்ஸில் வைத்திருந்ததுதான் எனக்கு நடந்த டெஸ்ட். கால் நகத்தையும் வெட்டிவிடுங்கள், ஜோடி சேர்ந்து பயிற்சி செய்யும்போது கீறிவிடும்.

ஜெலுத்தோங் அப்பா:
எல்லாம் சரி, என் மகனுக்குக் கிஹாப் வாயைத் திறந்தால்தானே வரும்! வெட்கம். என்ன செய்வது?

பாயான் பாருக்காரன்:
காரில் ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் போங்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனோடு சேர்ந்து நீங்களும் கத்துங்கள். 13.5 கிலோமீட்டர் இருக்கிறது. தொண்டையிலிருந்து கத்தினால் சீக்கிரம் கட்டிக்கொள்ளும், வயிற்றை இறுக்கி மூச்சை விடச் சொல்லுங்கள்.