உதவி: வைன் வைக்கக் கட்டின கீழறை, சுவர் பூரா தண்ணி

கல்லுச்சுவர் பாஸ் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். அவசரம். மச்சானுக்காக வீட்டுக்குக் கீழ வைன் போத்தல் வைக்க ஒரு அறை கட்டிக் குடுத்தேன். சுவர் பூரா தண்ணி. தண்ணி புடிக்காத பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சேன், மூணாவது கிழமையே கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சிருச்சு. பார்க்கிறதுக்காக வச்ச போத்தல்ல லேபல் பூசணம் புடிச்சு கழண்டு விழுது. மச்சான் 28ஆம் திகதி பிரான்சுல இருந்து வாறாரு. 120 போத்தல் படுக்கிற மாதிரி ராக்கையும் அடிச்சு ரெடி. இனி எந்த பெயின்ட் அடிச்சா நிக்கும்? சட்டுனு சொல்லுங்க.

அட்டன் மேசன் | இரவு 9.58

பாஸ், எந்த ஊரு? கருங்கல்லா பிளாக்கல்லா? எத்தன பக்கம் மண்ணோட ஒட்டியிருக்கு? மழை பெய்யும்போது மட்டும் நனையுதா, வெயில் நாளும் நனையுதா? இது தெரியாம பெயின்ட் பேரு சொல்ல முடியாது.

பாரிஸ் சமையலறை | இரவு 10.15

இப்பிடியான கேள்வியள் மாசத்துக்கு ஒண்டு வருது. அறை கட்ட முந்திக் கேட்டிருக்க வேணும், கட்டினாப் பிறகு இல்லை. வைனுக்கு வேண்டியது 12 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 60 முதல் 70 வீதம், இருட்டு, அதிர்வில்லாத இடம். தக்கை அடைச்ச போத்தல் படுத்துக் கிடக்க வேணும், தக்கை காய்ஞ்சு சுருங்கினா காத்து உள்ளுக்குப் போயிடும். இந்த நாலையும் அறியாம ராக்கை அடிச்சு என்ன பிரயோசனம்? நான் 18 வருசமா உணவகத்து நிலவறையில வேலை செய்யிறன். தெர்மோமீட்டராவது தொங்குதா அங்க?

பண்டாரவளை கூலிங் | இரவு 10.22

ஒரு ஏசி போட்டு 16ல விடுங்க, ரெண்டு நாள்ல காஞ்சிரும். ஏசி ஈரத்தை இழுக்கும். இங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல அப்படித்தான் செஞ்சு குடுத்தேன், ஒரு பிரச்சினையும் இல்ல.

வெலிமடை கிழங்கு | இரவு 10.41

செலவில்லாத வழி இருக்கு அண்ணே. விதைக் கிழங்கு அடுக்குற அறையில நாங்க காலகாலமா செய்யிறது. நாலு மூலையிலும் சட்டியில சுட்ட சுண்ணாம்பு, கூடவே அடுப்புக்கரி. அதுக்கு முந்தி பிளீச்சிங் பவுடர் கரைச்சு சுவர், ராக்கை எல்லாத்தையும் நல்லா கழுவுங்க, பூசணம் செத்துரும்.

பாரிஸ் சமையலறை | இரவு 10.50

பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம்! குளோரினும் மரமும் பூசணமும் ஒண்டு சேர்ந்தா டிசிஏ எண்டொரு பொருள் உண்டாகும். நனைஞ்ச காட்போட் மணம். அது தக்கையில ஏறினா வைன் அவ்வளவுதான். அந்தப் பயத்தாலதான் வைன் செய்யிற இடங்களிலயே குளோரினைக் கைவிட்டவை. சுடுதண்ணியும் பிரஷும் காணும். விசயம் தெரியாம ஆலோசனை சொல்லாதேங்கோ.

வெலிமடை கிழங்கு | இரவு 10.57

சரி, பிளீச்சிங் விசயம் எனக்குத் தெரியாது, அதை விடுறேன். ஆனா சுண்ணாம்பு ஈரம் குடிக்கும், அது பொய் இல்ல.

அட்டன் மேசன் | இரவு 11.05

குடிக்கும் தம்பி. சுவர்ல ஓடுற தண்ணிக்கு எத்தன சட்டி வைப்பீங்க? ரெண்டு நாள்ல நீத்துப் போயிரும். பாஸ், ஊரச் சொல்லுங்க முதல்ல.

கல்லுச்சுவர் பாஸ் | புதன், காலை 6.10

நுவரெலியா, ஹாவா எலிய பக்கம். கருங்கல் சுவர். பின்பக்கம் மேடு, மத்த மூணும் வெளி. மழைக்கும் நனையுது, வெயிலுக்கும் நனையுது. தெர்மோமீட்டர் 16 காட்டுது. ஈரம் போகட்டும்னு எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு ராப்பகலா ஓடுது. இன்னொண்ணு, அறை பத்தாது போல, பின்னால இன்னும் 4 அடி மண்ண வெட்டி நீட்டிட்டு புதுசா ஒரு சுவர் எழுப்பிரலாமான்னு யோசிக்கிறேன். வேலைக்குப் போறேன், சாயந்திரம் பார்க்கிறேன்.

கொஸ்லாந்தை மகள் | காலை 6.32

அண்ணே, அந்த மண்ண தொடாதீங்க. இது ஐப்பசி மழை நேரம். மேட்டோட அடிய வெட்டினா மேல நிக்கிற மண்ணுக்குப் பிடிமானம் இல்ல. மீரியபெத்தை தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29 காலையில மண்சரிவு வந்து லயத்து வீடுகளோட சனம் மண்ணுக்குள்ள போனது எங்க வீட்டுல இருந்து கூப்பிடு தூரம். நுவரெலியா மாவட்டத்துல மேட்ட வெட்டிக் கட்டணும்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தோட அனுமதி வேணும். போத்தல் வைக்கிற அறைக்காக இந்த ஆபத்து வேண்டாம்.

பண்டாரவளை கூலிங் | காலை 7.15

4 அடிக்கெல்லாம் கொழும்புக்கு எழுதணுமா? நம்ம ஊர்ல வெட்டாத மேடு எங்க இருக்கு? வீடே மேட்ட வெட்டித்தானே கட்டுறோம்.

கொஸ்லாந்தை மகள் | காலை 7.24

வெட்டித்தான் கட்டுறோம். அதனாலதான் வருசா வருசம் ஐப்பசி கார்த்திகையில பள்ளிக்கூடத்துல பாய் விரிச்சுப் படுக்கிறோம். பேர்ச் கணக்குல ஏழு பேர்ச்சுன்னு எங்களுக்கு சொந்தமா கெடைச்ச துண்டு நிலமே சரிவுலதான். வேற இடம் இல்லாதவன் வெட்டுறது வேற. இருக்கிற அறை பத்தாதுன்னு வெட்டுறது வேற. கொழும்புக்கு எழுத வேண்டியதில்ல, மாவட்டத்துலயே அவங்க அலுவலகம் இருக்கு.

பண்டாரவளை கூலிங் | காலை 7.40

நான் கோவிக்க வைக்கணும்னு சொல்லல தங்கச்சி. பாஸ் அனுபவமுள்ள ஆளு, சுவர் எழுப்பிட்டுத்தானே போவாரு.

அட்டன் மேசன் | காலை 7.52

நானும் 22 வருசமா சுவர் எழுப்புறேன். வெட்டினதுக்கும் சுவர் எழும்புறதுக்கும் நடுவுல ஒரு வாரம் இருக்கு பாருங்க, அந்த ஒரு வாரம்தான் ஆள விழுங்கும். தங்கச்சி சொல்றதுதான் சரி. மழை விட்டு தை மாசம் வரட்டும், அனுமதியோட பேசலாம்.

ஓய்வுபெற்ற டீமேக்கர் | காலை 9.30

தம்பி, நான் தேயிலைத் தொழிற்சாலையில 31 வருசம் ஈரக் காத்தோட மல்லுக்கட்டினவன். உங்க கதையில எனக்கு ரெண்டு தண்ணி தெரியுது. ஒண்ணு மேட்டுல இருந்து கசியுறது. மத்தது நீங்களே ஃபேன் போட்டு உள்ள கூப்பிடுறது.

மண்ணோட ஒட்டாத சுவர் வெயில் நாள்ல ஏன் நனையணும்? ஹாவா எலியவுல பகல்ல 20 டிகிரி, ஈரப்பதம் 85ன்னு வச்சுக்குங்க. அந்தக் காத்து 17 டிகிரிக்கும் சற்று மேலயே பனிக்க ஆரம்பிச்சிரும். உங்க சுவர் 16. அப்ப வர்ற காத்தெல்லாம் சுவர்ல தண்ணியா இறங்கும், ஐஸ் தண்ணி கிளாசு வெளியில வேர்க்கிற மாதிரி. ராத்திரி வேற கதை. 12 டிகிரிக்கு இறங்கின காத்து பனியா நனைஞ்சே உள்ள வந்தாலும், 16க்கு சூடாகும்போது ஈரப்பதம் 77 கிட்ட ஆயிரும், சுவர்ல இருக்கிறதையும் இழுத்துக்கிட்டுப் போகும். அதனால ஃபேன் ராத்திரி 10ல இருந்து விடிய 5 வரைக்கும் மட்டும். பகல்ல ஃபேனும் கதவும் இறுக்கமா மூடியிருக்கணும். கொழுந்து வாட்டுற மாடத்துல நாங்க கண்ணால பார்த்த பாடம் இது.

நம்பாட்டி சோதிச்சுப் பாருங்க. நாலு சுவர்லயும் ரெண்டடிக்கு ரெண்டடி பொலித்தீன் ஷீட்ட ஓரமெல்லாம் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்குப் பின்னால, சுவர்ப் பக்கம் நனைஞ்சிருந்தா அது மண்ணுத் தண்ணி. முன்னால, அறைப் பக்கம் நனைஞ்சிருந்தா காத்துத் தண்ணி. அப்புறம் ரெண்டு தெர்மோமீட்டர் தொங்கவிடுங்க, ஒண்ணோட குமிழ்ல நனைஞ்ச துணித் திரி. ரெண்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம்னா ஈரப்பதம் 90. மூணு டிகிரி வந்தா 70 கிட்ட, அதுதான் உங்களுக்கு வேண்டியது.

பண்டாரவளை கூலிங் | காலை 10.05

ஐயா சொன்னதும்தான் எனக்கே உறைக்குது. அறை ஏற்கெனவே 16ல இருந்தா ஏசி 16ல ஓடவே ஓடாது, ஈரமும் இழுக்காது. பண்டாரவளை 1,230 மீற்றர், நுவரெலியா 1,868. எங்களுக்கு ஆடி மாசம் வறண்ட கச்சான் காத்து அடிச்சா தக்கை காயுமேன்னுதான் கவலை. என் யோசனைய விட்டிருங்க. மெஷின் வேணும்னே முடிவெடுத்தா குளிருக்குன்னு வர்ற டெசிக்கன்ட் வகை ஈரமுறிஞ்சி பாருங்க, கம்ப்ரசர் வகை 15க்குக் கீழ சோம்பிப் போயிரும்.

அட்டன் மேசன் | மதியம் 12.20

பின்சுவருக்கு நான் சொல்றேன். கருங்கல்லுக்குப் பின்னால நிக்கிற தண்ணிய உள்ளால அடிக்கிற எந்த பெயின்டும் தாங்காது, தண்ணி தள்ளி உரிச்சிரும். மேட்ட தொடாம செய்யிறதுன்னா உள்ளுக்கு 4 அங்குலம் விட்டு இன்னொரு சுவர், மெல்லிசா. நடுவுல அடியில தண்ணி ஓட சின்ன கான் (வாய்க்கால்), வெளிய போற சரிவோட. கசியுறது கசிஞ்சிட்டுப் போகட்டும், போத்தல் பக்கம் வராது. மேட்டு மேலயும் ஒரு கான் எடுத்து மழைத் தண்ணிய திருப்புங்க. ஒண்ணு கேட்க மறந்துட்டேன் பாஸ், கூரைத் தண்ணி எங்க விழுது?

பாரிஸ் சமையலறை | மாலை 4.45

டீமேக்கர் ஐயாவின்ர கணக்குச் சரி, ஏற்றுக்கொள்ளுறன். பாஸ், நேற்று கடுமையாக் கதைச்சிட்டன், மனசில வைக்காதேங்கோ. 16 டிகிரிக்குப் பயப்பட வேண்டாம். கூடிக் குறையாம ஒரே மாதிரி நிக்கிற 16, ஏறி இறங்கிற 13ஐ விட நல்லது. ஈரம் 75 எண்டாலும் வைனுக்குள்ள ஒண்டும் ஆகாது. ரான்ஸ் நகரத்துச் சுண்ணக்கல் நிலவறையளில சுவர் தொட்டா நனையும், உள்ளுக்க வருசம் முழுக்க 10 முதல் 12 டிகிரி, ஷம்பெயின் அங்கதான் கிடக்குது. உங்களுக்குப் பழுதாகிறது லேபல்தான். போத்தலுக்கு மெல்லிய பொலித்தீன் தாள் சுத்தி விடுங்கோ. மண்ணெண்ணெய், பெயின்ட், வெங்காயம் அந்த அறையில வேண்டாம்.

கல்லுச்சுவர் பாஸ் | சனி, இரவு 8.15

எல்லாருக்கும் நன்றி. ஷீட் ஒட்டிப் பார்த்தேன். மூணு சுவர்ல முன்னால தண்ணி, மேட்டுச் சுவர்ல பின்னால தண்ணி. ஐயா சொன்னபடியே. கூரைப் பீலிக் குழாய் நேரா அந்த மேட்டுச் சுவருக்குப் பின்னாலதான் கொட்டுது, நான்தான் வச்சேன். இன்னைக்கு முன்பக்கம் திருப்பியாச்சு. ஃபேன் ராத்திரி மட்டும். 4 அடி வெட்டுற பேச்ச விட்டாச்சு தங்கச்சி.

கல்லுச்சுவர் பாஸ் | அடுத்த வியாழன், இரவு 9.05

நாலு நாளா மழை. மூணு சுவரும் காஞ்சிருச்சு. மேட்டுச் சுவர்ல அடியில ஒரு அடி உயரத்துக்கு மட்டும் ஈரம், உள்சுவர் திங்கக்கிழமை தொடங்குறேன். மச்சான் நேரத்தோட வந்து இறங்கிட்டாரு, அப்புறம் எழுதுறேன்.

ஓய்வுபெற்ற டீமேக்கர் | வெள்ளி, காலை 6.00

சந்தோசம் தம்பி. திரி கட்டின தெர்மோமீட்டர் எவ்வளவு காட்டுது?

ஓய்வுபெற்ற டீமேக்கர் | அடுத்த புதன், காலை 6.20

தம்பி, ரெண்டுக்கும் எத்தன டிகிரி வித்தியாசம்னு மட்டும் ஒரு வரி எழுதுங்க.