உறைபனியில் கருகும் செம்பருத்தி: வழி சொல்லுங்கள்

தோட்டம் வைத்திருப்பவர்களே, உதவி வேண்டும். போன வாரம் ஒரே இரவில் என் செம்பருத்தியின் நுனி இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு கறுத்துவிட்டன. தொட்டால் ஈரமாக நசுங்குகின்றன. அன்று காற்றின் வெப்பநிலை 2 டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே போகவே இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு இழந்து காற்றைவிடக் குளிர்ந்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தேன். தாள் ஒட்டிய இலைகள்தான் அதிகம் கருகின. இப்போது நான்கு குச்சி நட்டு, பழைய பருத்திப் போர்வையைத் தரைவரை தொங்கவிட்டு, விடிந்ததும் எடுத்துவிடுகிறேன். மண்ணின் சூடு உள்ளேயே தங்கும். தொட்டி மல்லிகையைச் சுவரோரம் நகர்த்தியாயிற்று.

அடுத்து பனிப்பொழிவு வருமாம். அதுதான் பயம். ஈரப்பனி போர்வைமேல் குவிந்தால் குச்சியோடு சாய்ந்து கிளை முறியுமே? நடுராத்திரி எழுந்து தட்டிவிடுவதைத் தவிர வேறு வழி உண்டா? வேர் பிழைக்க மண்மேல் சருகு எவ்வளவு உயரம் போடலாம்?

கருகிய கிளைகளை வசந்தம்வரை வெட்டப்போவதில்லை. தண்டை நகத்தால் கீறினால் உள்ளே இன்னும் பச்சை தெரிகிறது. 7 வருடம் வளர்த்த செடி, இழக்க மனமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.