பனிக்காலச் சொற்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் இருக்கிறேன். மார்கழிப் பனியில் விடியற்காலை விரல் விறைத்துப்போகிறது. சூடான டீ டம்ளரைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டுதான் எழுத உட்காருகிறேன். இந்த மாதம் முழுக்க நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டைத்தான் படிக்கிறேன். 188 அடிகள்தான். ஆனால் மேய்ச்சலை மறந்த விலங்குகளும், பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளும் பசுவும், கொள்ளியில் குளிர்காயும் கோவலரும் (மாடு மேய்ப்பவர்களும்) மனதை விட்டு நகரவே இல்லை. அதைப் பாடிய நக்கீரர் குளிரை எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார்!

நான் எழுதும் சிறுகதை ஒரு மாட்டுத் தொழுவத்தில் நடக்கிறது. அதற்குத்தான் சொற்கள் போதவில்லை. உங்கள் ஊரில் ஊதக்காற்றை, குளிர்காய மூட்டும் நெருப்பை, பனியில் மாடு ஒடுங்கி நிற்பதை எப்படிச் சொல்வார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாவது, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். தை பிறப்பதற்குள் கதையை முடிக்க வேண்டும்.