பீஸ் ஸ்டேஷனில் வந்த பிரஷருக்கு டிஸ்எபிலிட்டி பென்ஷன் உண்டா?

புதுவயல்காரன்: புதுவயல், கண்டனூர் பக்கத்து ராணுவ ஹவில்தார்கள் டிஸ்எபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கேட்டா, வர்ற மறுப்புக் கடிதத்தில் ஒரே வரிதான். ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணியிலிருந்து வெளிவரும்போது பரிசோதிக்கிற மருத்துவக் குழு) ரத்த அழுத்தத்தால் ஊனம் 30% என்று போட்டிருக்கும், காரணக் கட்டத்தில் “பீஸ் ஸ்டேஷனில் (போர்முனை அல்லாத முகாமில்) தோன்றியது, பணியோடு தொடர்பில்லை”. இது காரணமே இல்லை. நோய் தெரிந்த இடத்தைத்தான் சொல்லுது, ஏன் வந்தது என்று சொல்லலை.

கல்லல் கணக்கர்: தம்பி, பட்டாளத்துக்கே போகாத நாற்பது வயதுக்காரருக்கும் காரைக்குடியில் பிரஷர் இருக்கு. பரம்பரை, எடை, உப்பு எல்லாம் காரணம். மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியே ஃபீல்டு (எல்லை, போர்முனை), உயர்மலைப் பணியைத் தனியாகத்தான் பார்க்கச் சொல்லுது. குண்டடிபட்டுக் காலை இழந்தவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்கிறது எனக்குச் சம்மதமில்லை.

புதுவயல்காரன்: ஒரே தட்டில் வைக்கச் சொல்லலை அண்ணே. போர்க் காயத்துக்கு வேற பென்ஷன், வேற விகிதம். 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாருங்க. சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லைன்னா ஆள் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார்னு எடுத்துக்கணும். இல்லைன்னு நிரூபிக்கிற பொறுப்பு அரசுக்கு. சேரும்போது ஏன் கண்டுபிடிக்க முடியலைன்னு போர்டு காரணம் எழுதணும். அது வலிப்பு நோய் வழக்கு, குண்டடி இல்லை. பீஸ் ஸ்டேஷன்லயும் ராத்திரிக் காவல் உண்டு, குடும்பப் பிரிவு உண்டு.

கல்லல் கணக்கர்: சந்தேகத்தின் பலனைக் கொடுக்கலாம். ஆனா முதல் பிரஷர் அளவு எந்தத் தேதியில், எந்த போஸ்டிங்கில் பதிவானதுன்னே பார்க்காம “எல்லாருக்கும் உண்டு”ன்னா போர்டு எதுக்கு?

புதுவயல்காரன்: அந்தத் தேதியைத்தான் நானும் பார்க்கச் சொல்றேன். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 (ரிலீஸ் மெடிக்கல் போர்டு எழுதுற படிவம்) நகலை ரெக்கார்டு ஆபீஸில் கேட்டு வாங்குங்க. சேர்ந்தபோது நடந்த பரிசோதனையையும் போஸ்டிங் வரிசையையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஃபீல்டுல இருந்து இறங்கின சில மாசத்துல முதல் அளவு ஏறியிருந்தா, “பணியால் மோசமானது” என்ற கட்டத்துக்கு அதுவே ஆதாரம். அந்தக் கட்டத்தைப் பலரும் கேட்காமலே விட்டுடுறாங்க.

பள்ளத்தூர் பென்ஷன்: தொகையும் தெரியட்டும். 20%-க்குக் கீழே கிடையாது. 100% ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30%. 40,000 சம்பளத்துக்கு அது 12,000, அதில் 30% ஊனம்னா 3,600. 2014 ராம் அவ்தார் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அந்த 30% ஊனத்தை 50%-ஆக ஏற்றிக் கணக்கிட்டா 6,000, அதுக்கு மேல அகவிலை நிவாரணம். இதெல்லாம் 2023 செப்டம்பர் 21-க்கு முன் வெளிவந்தவங்களுக்கு. பிறகு வந்தவங்களுக்குப் புது விதி, போட்டுக் குழப்பாதீங்க.

கல்லல் கணக்கர்: காரணம் எழுதாத போர்டு தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா திருப்பி அனுப்பி மறுபடி எழுத வைக்கணும், நேரே பென்ஷன் கொடுக்கக் கூடாது.

புதுவயல்காரன்: அறுபது வயசுக்காரரை மறுபடி போர்டுக்கு இழுக்கிறதா? விட்டுப்போன பதிவுக்கு அவர் என்ன பண்ணுவார்?

பள்ளத்தூர் பென்ஷன்: மறுப்பு வந்த 6 மாசத்துக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் போனா இரண்டாவது, பிறகுதான் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தாமதமா போனா நிலுவை மூணு வருஷத்துக்குத்தான்னு 2008 தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீங்க, அஞ்சல் முத்திரைத் தேதி வேணும்.